அமீனாவின் ஐந்தாவது மணி

1

சென்ற கிழமை தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. குடிவந்தோர் கலைவிழா, இரண்டாவது ஆண்டு. வழவழப்பான தாள். முகப்பில் எட்டு வெண்கல மணிகளின் வண்ணப் படம். உள்ளே நடத்துநர்களின் பட்டியலில், கீழிருந்து மூன்றாவது வரியில், பண்பாட்டு ஆலோசகர் என்று போட்டு என் பெயர். எழுத்துப் பிழைகூட இல்லை. இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் என் பெயரைச் சரியாக அச்சடித்தது இதுவே முதல் தடவை.

மனைவி அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். நான் எடுத்துக் குசினிக் குப்பை வாளிக்குள் போட்டேன். அவள் திரும்ப எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, ஊருக்கும் ஒண்டு அனுப்புவம். தம்பி ஆக்கள் பாக்கட்டும்" என்றாள்.

அட்டையை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். ஒலியியல் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள் என்று ஒரு பெயர் இருந்தது. பின்னேரங்களில் வயலின். இதை வாசிப்பவர்களில் என்னிடம் படித்தவர்கள் சிலர் இருக்கக்கூடும். என்னைப் பற்றி அவர்களுக்கு இன்னும் நல்ல எண்ணம் இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

சிட்னியின் மேற்கே வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறோம். ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. இந்தத் தெருவில் தமிழ் கேட்க வேண்டுமானால் நான் வாய் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவி. மகள் மாலினிக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சிலவேளை பதிலே இராது, தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள்.

என் லண்டன் வெளிவாரிப் பட்டத்தைக் கல்விக் கந்தோருக்கு மூன்று தடவை அனுப்பினேன். முதல் தடவை, பிரதி சான்றுப்படுத்தப்படவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, சான்றுப்படுத்தியவர் அதற்குத் தகுதியுள்ளவர் அல்லர் என்று வந்தது. மூன்றாம் தடவை எனக்கு வயது கூடிவிட்டதாம். இடையில் போன காலமெல்லாம் அவர்கள் மேசையில்தான் போனது என்று ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் ஆய்வுகூட உதவியாளன் ஆனேன். சாம்பல் நிற மேலங்கி. இசைக்கவைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது, ஒலி அதிர்வைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து விரிவுரை மண்டபத்துக்குக் கொண்டுபோவது, விரிவுரையாளர் கரும்பலகையில் பிழையாக எழுதும் சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் பேசாமல் நிற்பது. முதல் நாள் வேலை முடிந்தபோது, ஊர்ப் பழக்கத்தில் விடைபெறச் சொல்லும் 'போட்டு வாறன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாவம், ஒரு பொடியன் நான் திரும்பி வருவேன் என்று முக்கால் மணி நேரம் கதவைப் பூட்டாமல் காத்திருந்தானாம். இன்றைக்கும் நான் தொப்பியை எடுத்தால் யாராவது ஒருவர், போய்த் திரும்பி வருகிறாயா என்று கேட்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இங்கே வந்துதான் பழகினேன்.

துறைத்தலைவரின் பெயர் கென். எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. என்னைத் தொழில்நுட்ப அலுவலர் பதவிக்கு உயர்த்துவதற்கு அவருடைய கையெழுத்து ஒன்று போதும். அதற்கான படிவம் ஒன்பது மாதமாக அவருடைய மேசையின் இடது பக்கத் தட்டில் கிடந்தது. தூசி துடைக்கும் சாக்கில் அது அங்கேயே கிடக்கிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பார்த்து வருவேன்.

3

போன வருடம் அரசாங்கத்துக்குத் திடீரென்று குடிவந்த எங்களைப் பிடித்துவிட்டது. முந்தாநாள்வரை ரயிலில் பக்கத்துக் கதிரையை வெறுமையாக விட்டவர்கள், நாங்கள் ஆடுவதைப் பார்க்க வரிசையாகக் கதிரை போட்டார்கள். கிரேக்கர், லெபனான்காரர், வியட்நாமியர் என்று எல்லோருக்கும் மேடையில் பத்துப் பத்து நிமிடம். அதுதான் முதலாவது குடிவந்தோர் கலைவிழா. விழாக் குழுவின் தலைவர் கென்.

பல்கலைக்கழகத்தில் படித்த மணிலாப் பிள்ளைகள் சிலர் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். ரமோன் என்பவன் தலைவன். எங்கள் மாலினி அதில் மின் ஓர்கன் வாசித்தாள். பிலிப்பைன்ஸின் பழைய மணி இசையை நவீன முறையில் உயிர்ப்பிக்கப் போகிறோம் என்றார்கள், கிற்றாரும் ஓர்கனும் ட்ரம்ஸும் சேர்த்து. ஒரே குறை, அவர்களில் ஒருவர்கூட அந்த மணிகளை நேரில் கண்டதில்லை. குலின்தாங் என்ற அந்த வாத்தியம் தெற்கே மின்டனாவோத் தீவு முஸ்லிம்களுடையது. இவர்கள் வடக்கே நகரத்துக் கிறிஸ்தவர்கள்.

பக்கத்து வெஸ்ட்மீட்டில் ஒரு மின்டனாவோப் பெண்ணிடம் ஒரு முழுத் தொகுதி இருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். கென் என்னை அனுப்பினார். உங்கள் பக்கத்து ஆள்தானே என்றார். அவருக்கு இலங்கையும் பிலிப்பைன்ஸும் ஒரே தெரு.

அமீனாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய ஊர் மரக் கம்பனியில் இயந்திரம் திருத்த வந்த ஓர் அவுஸ்திரேலியனைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவள். அவன் பிறகு குயீன்ஸ்லாந்துப் பக்கம் போனவன், போனவன்தான். ஊரில் சண்டை மூண்டு வீடுகள் எரிந்தபோது இருந்த ஒரே தங்கை சுலைக்காவும் எங்கே போனாள் என்று தெரியவில்லை. கப்பலில் மரப்பெட்டிக்குள் வந்த அந்த எட்டு மணிகள்தான் அவளுடைய சொத்து.

மணி என்றதும் கோயிலில் தொங்கும் மணியை நினைக்க வேண்டாம். உச்சியில் குமிழ் வைத்த வெண்கலச் சட்டிகளைக் கவிழ்த்து, நீண்ட மரச்சட்டத்தில் கட்டிய கயிறுகளின் மேல், பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் வைத்தது போல இருக்கும். இரண்டு மென்மரத் தடிகளால் குமிழில் தட்டி வாசிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் வாசிப்பார்களாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மணிகளைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி அருவருப்பு. எங்கள் ஊரில் இப்படியான வெண்கலம் சாவீட்டில் கேட்கும். பிரேதத்துக்கு முன்னால் சேமக்கலம் தட்டிக்கொண்டு போகிறவனை நாங்கள் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினோம். அவனுக்குத் தனிச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தோம். அவன் காதில் சுருதி இருக்கலாம் என்று வயலின் வாசித்த எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கடல் தாண்டி வந்தபோது பட்டச் சான்றிதழோடு அந்தப் புத்தியையும் கொண்டு வந்திருந்தேன். அதற்கு மட்டும் யாரும் சான்றுப்படுத்திய பிரதி கேட்கவில்லை.

அமீனா நிலத்தில் இருந்து வாசித்தாள். முதல் ஐந்து நிமிடம் எனக்குத் தகரக் கடைச் சத்தம். ஐந்தாவது மணியின் ஓசை மற்றவற்றோடு சேராமல் தனியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

அது தங்கையின் மணி என்றாள். ஊரில் இருவரிடமும் ஒவ்வொரு தொகுதி இருந்ததாம். எல்லாத் தொகுதிக்கும் பொதுவான சுரம் என்று அங்கே கிடையாது. ஒவ்வொன்றும் அதனதன் வழி. அவள் கல்யாணமாகிப் புறப்பட்டபோது ஐந்தாவது மணியை ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். இவள் வாசித்தால் நடுவில் தங்கை பேசுவாள். அங்கே தங்கை வாசித்தால் இவள் பேசுவாள். அந்த மணிக்கு இடம் விட்டு இவள் தன் மெட்டுகளையே திருத்தி வைத்திருந்தாள்.

பிறகு அரை மணி நேரம் வாசித்தாள். நான் காலணியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஏறக்குறைய இருபதாவது நிமிடத்தில் அந்த ஐந்தாவது மணி என் காதில் சரியாகிவிட்டது. சரி என்றால் வெறும் சரியல்ல, மற்ற ஏழும் அதைச் சுற்றித்தான் நடக்கின்றன என்று விளங்கியது. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பியானோக் கட்டைகளுக்குள் தேடுகிறவன் முட்டாள் என்று வகுப்பில் சொன்ன வாத்தியார் நான். எனக்கு விளங்கியது. அதைத்தான் இங்கே அழுத்தி எழுதுகிறேன். விளங்காமல் செய்தேன் என்று பிறகு யாரும் எனக்காகச் சொல்லக் கூடாது.

4

மணிகளை அளந்து பார்க்கும்படி கென் சொன்னார். ஒரு மத்தியானம் அமீனா அவற்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தாள்; அவள் பார்த்திருக்க ஒவ்வொன்றையும் தட்டி, அலைகாட்டியில் பார்த்து, அதிர்வெண்களை ஒரு தாளில் குறித்தேன். எட்டு வரிகள். நான் செய்த அளவீடுகளில் அவ்வளவு கவனமாகச் செய்தது வேறில்லை.

ரமோனின் கிற்றாரோடும் மாலினியின் ஓர்கனோடும் மணிகள் ஒத்து வரவில்லை. ஒத்திகையில் இரண்டு தடவை சிரிப்பாய்ப் போனது. கென் என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இந்த மணிகள் சுதி விலகித்தானே இருக்கின்றன?"

நான் தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டலை வெள்ளைக்காரர் பிழையாக எடுப்பார்கள், அதனால் வந்த வினை என்று சொல்லித் தப்பலாம். இல்லை. தலையை ஆட்டிய பிறகு வாயாலும் சொன்னேன். ஆறு மணிகள் விலகியிருக்கின்றன, ஐந்தாவது மிக மோசம் என்றேன். சொல்லும்போது என் கண் மேசையின் இடது பக்கத் தட்டில் இருந்தது.

திருத்த முடியுமா என்று கேட்டார். உட்புறத்தைத் தேய்த்தால் சுரம் இறங்கும், விளிம்பில் எடுத்தால் ஏறும், துறையின் பட்டறையிலேயே செய்யலாம் என்றேன். அவர் கேட்காததையும் சொன்னேன்: அவர்கள் செவியால் செய்த பொருள், விஞ்ஞானமாகத் திருத்தினால் அவர்களுக்கும் நல்லது. இந்த வசனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துப்ப வேண்டும் போலிருக்கிறது. என் பட்டத்தைத் திருப்பி அனுப்பிய கந்தோர்க்காரனின் குரல் அது. என் வாயிலிருந்து நன்றாகத்தான் வந்தது.

அறிக்கை எழுதினேன். அளவீட்டுத் தாளை இணைக்கவில்லை. அந்த எண்களைத் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால், விலகல் என்று நான் எழுதியது விலகலல்ல, எட்டும் தங்களுக்குள் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன என்று கண்டுகொள்வான். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பிறகு இரவல் படிவம். மூன்று பக்கம். அமீனாவுக்குத் தையற்கூடத்து ஆங்கிலம் பேசத் தெரியும், இப்படியான ஆங்கிலம் வாசிக்க முடியாது. நான் பக்கத்தில் இருந்து வரி வரியாக விளங்கப்படுத்தினேன். காட்சிக்கு வைப்பார்கள், விழாவில் நீதான் வாசிப்பாய், சுத்தம் செய்து தருவார்கள், காப்புறுதி உண்டு. இரண்டாம் பக்கத்தில், தேவைப்படும் சீராக்கங்களைச் செய்வதற்கு உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று ஒரு வரி. அதற்கு வந்தபோது பக்கத்தைத் திருப்பினேன்.

அவள் கையெழுத்திட்டாள். எனக்குத் தேத்தண்ணியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தந்தாள். கிழங்கு எங்கள் ஊர்க் கிழங்கு போலவே இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

5

தேய்த்தவன் நானே. பட்டறைக்காரனிடம் கொடுக்கவில்லை, அவன் முரட்டுத்தனமாகச் செய்வான் என்று. கொலைக்கு நல்ல கத்தி தேடுவது போல. ஐந்தாவதில் தொடங்கினேன், அதில்தான் கூட வேலை இருந்தது. வெண்கலத்தூள் விரல் இடுக்குகளில் ஏறி, மூன்று நாள் கழுவியும் சோற்றில் மணத்தது. கடைசியில் எட்டு மணிகளும் மாலினியின் ஓர்கன் கட்டைகளோடு பிசகில்லாமல் ஒத்தன. அலைகாட்டி அப்படித்தான் சொன்னது.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம், நகர மண்டபத்தில். ரமோன் கூட்டம் மின்டனாவோ ஆட்களைப் போல மினுங்கும் உடுப்புப் போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் அமீனா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மணிலாவில் இவர்களுடைய அப்பாமார் எங்களைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போவார்கள். இப்போது பார், எங்கள் துணி எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது." அவள் கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

மணிகளைத் திருப்பிக் கொடுக்காமல் நேராக மேடைக்கே கொண்டு வரச் செய்திருந்தேன். ஆகவே அவள் முதன்முதலாகத் தட்டியது நானூறு பேருக்கு முன்னால்.

முதல் மணி, இரண்டாவது, மூன்றாவது. அவள் முகம் சுருங்கியது. ஐந்தாவதில் தடி பட்டதும் கை நின்றுவிட்டது. குனிந்து அந்த மணியைப் பார்த்தாள், அது தன்னுடையதுதானா என்று பார்ப்பது போல. கிற்றாரும் ட்ரம்ஸும் போய்க்கொண்டிருந்தன. பிறகு தொடர்ந்து வாசித்தாள், கடைசிவரை. சபையில் வைத்துப் பிள்ளைகளை வெட்கப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. மாலினி மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். மகள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பையும் நான் வாங்கிக்கொண்டேன்.

திரைக்குப் பின்னால் அமீனா கேட்டாள்: "இதை யார் சுத்தம் செய்தது?"

"பட்டறைக்காரர்" என்றேன். "நான் வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை."

அவள் என் கையைப் பிடித்து, பரவாயில்லை, உன்னால் என்ன செய்ய முடியும் என்றாள். ஐந்தாவது மணியை மட்டும் தன் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனாள். மற்றவற்றை நான் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த கிழமை கென் கையெழுத்திட்டார். சாம்பல் மேலங்கி போய் வெள்ளை மேலங்கி வந்தது.

வேறு ஒன்றும் நடந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு காலையில் மனைவி பழைய வீணை இசைத்தட்டு ஒன்றைப் போடுவாள். ஒருநாள் மாலினி குசினியிலிருந்து வந்து ஊசியைத் தூக்கினாள். "இட்ஸ் அவுட் ஒஃப் ரியூன், அம்மா" என்றாள், சுதி விலகியிருக்கிறதாம். மனைவிக்கு விளங்கவில்லை. நான் விளக்கத் தொடங்கினேன், சுருதி என்றால் என்ன, கமகம் என்றால் என்ன என்று. மாலினி இடைமறித்தாள். மணிகளுக்கு நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள், பௌதிகம் என்றீர்களே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் குத்திக் காட்டவில்லை, மனதாரக் கேட்டாள். முப்பத்தொரு வருடம் ஊராரின் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததை என் பிள்ளைக்கு ஒரே நாளில் அழித்துக் கொடுத்திருந்தேன்.

ரமோன் கூட்டம் இப்போது மெல்பேர்ணிலும் போய் வாசிக்கிறது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த, தொழிற்சாலையில் செய்த மணிகள். மறுமலர்ச்சி என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் மின்டனாவோவிலிருந்தே வாத்தியக்காரரைக் கூட்டி வந்து, அவர்கள் முறையில் பொறுமையாகக் கற்பிக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அப்படியும் செய்யலாம். அதற்குப் பக்கத்தில் இருந்து இருபது நிமிடம் கேட்டால் போதும். நான் கேட்டேன், பிறகு அரத்தை எடுத்தேன்.

6

மூன்று கிழமைக்கு முன் அமீனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே ஓர் ஒலிநாடாக் கசெற்றை நீட்டினாள். தங்கை சுலைக்கா உயிரோடு இருக்கிறாள். மலேசியாவின் சபாவில், கடலோர அகதிக் குடியிருப்பு ஒன்றில். யார் யாரோ கைமாறி விலாசம் கிடைத்து இந்தக் கசெற் வந்திருந்தது.

ஆய்வுகூடத்திலிருந்து நான் கொண்டு வந்திருந்த ஒலிப்பதிவுக் கருவியில் போட்டோம். கடல் இரைச்சல், கோழிச் சத்தம், பிறகு மணிகள். எரிந்த வீட்டிலிருந்து தங்கை தன் தொகுதியைத் தோண்டி எடுத்திருக்கிறாள். மெட்டின் நடுவில் ஒரு மணி மற்றவற்றிலிருந்து விலகி, உயர்ந்து, தனியே பேசியது.

"அது நான்" என்றாள் அமீனா.

மணிகள் நின்றதும் தங்கை பேசினாள். அமீனா அழுகையும் சிரிப்புமாக எனக்கு மொழிபெயர்த்தாள். உன் குரலை நான் ஒவ்வொரு நாளும் தட்டிக் கேட்கிறேன். நீயும் வாசித்து அனுப்பு. என் மணி அங்கே எப்படிப் பேசுகிறது என்று கேட்க வேண்டும்.

அமீனா கேட்டது ஒன்றுதான். தேய்ப்பதற்கு முன் நீ அளந்தாயே, அந்தத் தாள் இருக்கிறதா? சபாவில் மணி வார்ப்பவன் ஒருவன் இருக்கிறானாம். எண்களை அனுப்பினால், சரியாக வராவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்று செய்து பார்க்கலாம்.

கந்தோரில் தொலைத்துவிட்டார்கள் என்றேன். அவள் நம்பினாள். கந்தோர்கள் தொலைக்கும் என்பது இங்கே எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

சென்ற ஞாயிறு மத்தியானம் பதில் கசெற் பதிய வந்தாள், டாக்ஸியில், மணிகளோடு. செத்த வீட்டுச் சத்தம் இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்று மனைவி முணுமுணுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டாள். மாலினி மாடிப்படியில் வந்து இருந்தாள். அமீனா ஏழு மணிகளைச் சட்டத்தில் வைத்தாள். ஐந்தாவதை நிலத்தில் நிமிர்த்தி வைத்தாள், வாய் மேலே பார்த்தபடி. பிறகு நான் பொத்தானை அழுத்த, வாசித்தாள். ஐந்தாவது மணி வர வேண்டிய இடமெல்லாம் கை காற்றில் இறங்கி, வெறும் கயிற்றின் மேல் ஓசையில்லாமல் பட்டு எழும்பியது. தங்கைக்குத் தெரியும் அங்கே என்ன வர வேண்டும் என்று. எனக்கும் தெரியும்.

வாசித்து முடித்துத் தன் மொழியில் பேசினாள். நிதானமாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. நடுவில் 'மிஸ்டர் நாதன்' என்று என் பெயர் வந்தது. பொத்தானை நிறுத்திய பிறகு, என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உன் மணியைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். மிஸ்டர் நாதன் என்று ஒரு வாத்தியார் இருக்கிறார், அவர் தடுக்கப் பார்த்தார், எங்களுக்காகக் கதைத்தவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான், தொழுகையில் அவரையும் நினைத்துக்கொள் என்று சொன்னேன்."

அகதிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண் எனக்காகத் தொழப் போகிறாள். கூச்சம், பயம், பதவி என்று நான் கட்டி வைத்திருந்த எல்லாம் அந்த இடத்தில் நாறியது. இருந்த கதிரையை விட்டு எழும்பி நின்று சொன்னேன். பட்டறைக்காரர் யாரும் தொடவில்லை. தேய்த்தது நான். உன் தங்கையின் மணி பிழையில்லை என்று தெரிந்துகொண்டே தேய்த்தேன். படிவத்தில் ஒரு வரியை உனக்கு வாசிக்கவில்லை. தாளைக் கந்தோர் தொலைக்கவில்லை, நான் கிழித்தேன். எனக்கு ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டது.

மாலினி படியிலிருந்து, "அப்பா" என்று ஒரு சொல் சொன்னாள்.

அமீனா நிலத்தில் இருந்த ஐந்தாவது மணிக்குள் கையை விட்டு, அரம் பட்ட இடத்தைத் தடவினாள், ஒரு புறமிருந்து மறுபுறம் வரை. பிறகு என்னிடம், இதை எப்படிப் பின்னால் சுற்றுவது என்று கேட்டாள். காட்டினேன். தான் வாசித்தது அழியாமல், பேச்சுத் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். சிவப்புப் பொத்தானை அவளே அழுத்தினாள்.

இந்த முறை அவள் பேசியது சுருக்கம். என் பெயர் இரண்டு தடவை வந்தது. மிஸ்டர் இல்லாமல்.